வயிறு ஊதும் பிள்ளைக்கு முதல் சாப்பாடு: திருகோணமலைக் கடைகளில் எது தேறும்?

ஆறு மாதம் நிறைந்ததும் கிளினிக்கில் மிட்வைஃப், "இனிச் சாப்பாடு தொடங்குங்கோ" என்பார். மறுநாள் மத்திய வீதிப் பலசரக்குக் கடையில் போய் நின்றால் குழப்பம் தொடங்கும். ஒரு தட்டில் பெட்டிச் சீரியல், பக்கத்தில் குரக்கன் மா, கீழே "பதினைந்து தானியம்" என்று எழுதிய சத்துமாப் பை. பார்மசிக்குப் போனால் வாய்வுக்கென்று விற்கும் கிரைப் வோட்டர் போத்தல் கண்ணுக்கு நேரே இருக்கும். பாலுக்கே முக்கி முனகி, காலை மடக்கி அழுகிற பிள்ளைக்கு இதில் எதை வாங்குவது?

இங்கே ஒவ்வொன்றையும் அப்படியான பிள்ளையின் வயிற்றை வைத்தே நிறுத்துப் பார்க்கிறோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லலாம். வாங்கிய பொருளைவிட அரைவேக்காடும், மிஞ்சிய தடிப்பும், ஒரே கிழமையில் ஐந்து புதுச் சாமான் தீத்தும் அவசரமும்தான் வயிற்றைக் கூடுதலாகக் குழப்புகின்றன. வாய்வுக்கு மருந்துபோல நாலாம் மாதமே கஞ்சி கொடுப்பதும் பிழை. மாச்சத்தைச் செமிக்கவைக்கும் கணைய நொதியமான அமைலேசு அந்த வயதில் மிகக் குறைவு. செமியாத மா பெருங்குடலில் புளித்துத்தான் வாய்வாகிறது.

பெட்டிச் சீரியலில் தொடங்குவோம். இதன் பெரிய பலம் இரும்புச்சத்து. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் இருந்து கிடைக்கும் இரும்பு போதாது. இரும்பு சேர்த்துச் செறிவூட்டிய சீரியல் அந்த இடைவெளியைக் குறைக்கும். பலவீனம் லேபலின் பின்பக்கத்தில் இருக்கிறது. பல வகைகளில் கோதுமை, பால்மா, சோயா மூன்றும் சேர்ந்தே வரும். பிள்ளைக்குச் சளிபோல மலம் போனால் எதனால் என்று பிரித்தறிய முடியாது. முதல் பெட்டி வாங்கும்போது அரிசி மட்டும் உள்ளதைக் கேளுங்கள். அகப்படாவிட்டால் பெட்டியைப் பிறகு பார்க்கலாம், பானையில் தொடங்குங்கள். சீனியையும் கவனிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு வெளியிட்ட அறிக்கை, ஐரோப்பாவில் சீனி சேர்க்காமல் விற்கும் செரலாக் சீரியலை ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் சீனி சேர்த்து விற்பதைக் காட்டியது. "சேர்த்த சீனி இல்லை" என்று எழுதியிருந்தாலும் உள்ளடக்க வரிசையில் தேன், குளுக்கோசு, மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் எந்த வடிவிலும் ஆகாது, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நஞ்சூட்டல் வரலாம்.

பெட்டியால் மலம் இறுகிற்று என்ற முறைப்பாட்டுக்குப் பல வீடுகளில் காரணம் கரண்டி. பெட்டியோடு வரும் கரண்டியை மட்டமாக வழித்து அளக்க வேண்டும். கூம்பாக அள்ளினால் ஒரு கரண்டிக்கு ஒன்றரைக் கரண்டி மா விழும். கொதித்து ஆறிய, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணியை முதலில் ஊற்றி, மாவை மேலே தூவிக் கலக்குங்கள். கொதிதண்ணியில் போட்டால் கட்டி தட்டும், அந்தக் கட்டியின் நடுப்பகுதி உலர்ந்தே வயிற்றுக்குள் போகும். கலக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். தடித்திருந்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி தண்ணி விடலாம். எங்கள் கணிப்பில் பெட்டியை நாளுக்கு ஒரு வேளைக்கு வைத்திருக்கலாம், மூன்று வேளையும் அதையே நம்பக்கூடாது.

சத்துமாவை ஊர் முழுக்கப் புகழ்கிறார்கள். வயிறு ஊதும் பிள்ளையின் முதல் மாதத்துக்கு இது தேறாது. கடலை, உளுந்து, சோயா, நிலக்கடலை, கஜு எல்லாம் ஒரே பையில் கிடக்கும். கடலை, பயறு வகைகளில் உள்ள ராஃபினோசு போன்ற சர்க்கரைகளை மனிதக் குடல் செமிக்காது, பக்டீரியா தின்று வாய்வாக்கும். வறுத்தாலும் அது போவதில்லை. ஊறவைத்து, ஊறிய தண்ணியைக் கொட்டி, முளைகட்டினால்தான் குறையும். ஊறப்போடாமல் வறுத்து அரைத்த கலவையே பெரும்பாலும் பைக்குள் இருக்கும். இதில் இன்னொரு சிக்கல், ஒவ்வாமை வந்தால் பதினைந்தில் எது என்று தேடுவது. ஒவ்வொரு தானியமாகப் பழகி முடிந்த பிறகு, எட்டு ஒன்பது மாதத்தில் வாங்குங்கள். அதற்குள் பை பழுதாகிவிடும் என்றால் வாங்காமலே விடுங்கள்.

குரக்கன் மாவைப் பற்றி இரண்டு கட்சி உண்டு: "பிள்ளைக்குக் குளிர்ச்சி" என்பவர்கள், "மலம் கட்டும்" என்பவர்கள். இரண்டாம் கட்சி சொல்வது நடக்கிறதுதான், ஆனால் சமைக்கும் விதத்தால். குரக்கன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு, நல்ல சாமான். உமித் துகளோடு அரைத்த மாவைச் சலிக்காமல், பொங்கியவுடன் இறக்கிக் கொடுத்தால் வயிறு ஊதத்தான் செய்யும். செய்ய வேண்டியது இது. ஒரு மேசைக்கரண்டி மாவை 200 மில்லி பச்சைத் தண்ணியில் கரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் வடித்து, இளந்தீயில் பத்து நிமிடம் விடாமல் கிளறுங்கள். இரண்டாம் நிமிடத்திலேயே பளபளத்துத் தடிக்கும். அங்கே ஏமாந்து இறக்கிவிடக்கூடாது, தடித்தது வெந்தது என்று ஆகாது. ஆறினால் இன்னும் இறுகும். ஆகவே அடுப்பில் இருக்கும்போது தோசை மாவைவிட ஒரு படி இளக்கமாகவே இறக்குங்கள்.

பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி முளைக் குரக்கன். பன்னிரண்டு மணித்தியாலம் ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி ஒன்றரை நாள் விட்டால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். வெயிலில் முறுகக் காயவைத்து, முளையைத் தேய்த்து உதிர்த்து, வறுக்காமல் அரையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரே நாளில் காய்ந்துவிடும். முளைக்கும்போது தானியம் தானே அமைலேசை உண்டாக்குகிறது. தடித்த அரிசிக் கஞ்சியை அடுப்பில் இருந்து இறக்கி, விரல் சிறிது நேரம் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அரைத் தேக்கரண்டி முளைமாவைப் போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் மூடிவைத்தால் கஞ்சி கண்முன்னே இளகும். பிறகு மூன்று நிமிடம் மறுபடி கொதிக்கவைத்துக் கொடுக்கலாம். தண்ணி ஊற்றி இளக்கினால் சத்து நீர்த்துவிடும், இதில் அது அப்படியே நிற்கும். கொதிக்கிற கஞ்சியில் முளைமாவைப் போட்டால் அமைலேசு செத்துவிடும். வறுத்த முளைமாவும் இதற்கு உதவாது.

எல்லாவற்றிலும் மலிவானதுதான் எங்கள் முதல் தேர்வு: தம்பலகாமத்து அல்லது கந்தளாய் அரிசியில் ஒரு பிடி. முதல் இரண்டு கிழமைக்கு வெள்ளைப் பச்சை அரிசி, பிறகு தவிட்டோடு சிவப்பு. இரண்டு மேசைக்கரண்டி அரிசியைக் கழுவி, 400 மில்லி தண்ணியில் மூடி போட்டு 40 நிமிடம் அவியுங்கள். பிரஷர் குக்கர் என்றால் ஐந்து விசில். கரண்டியின் முதுகால் அல்லது கையால் மசியுங்கள். மிக்சியில் அடித்தால் பசைபோல இழுபடும், பிள்ளை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஓங்காளிக்கும். பிழிந்தெடுத்த தாய்ப்பால் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து மசித்தால் நல்லது, தாய்ப்பாலிலும் அமைலேசு உண்டு. கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாமல், கவிழ்த்தால் மெதுவாக விழும் பதம் வேண்டும். உப்பு, சீனி, பனங்கட்டி எதுவும் வேண்டாம். கோயிலில் சோறு தீத்தும்போது நாக்கில் வைக்கும் ஒரு விரல் சர்க்கரைப் பொங்கல் ஒன்றும் செய்யாது, வீட்டுக்கு வந்து அதைத் தினமும் தொடர்வதுதான் கூடாது.

காலை பத்து மணி அளவில் தீத்துங்கள். ஏதும் குழப்பம் வந்தால் பகலிலேயே தெரியும். முதல் இரண்டு நாள் இரண்டு தேக்கரண்டி, மூன்றாம் நாள் நாலு, கிழமை முடிவில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி. இரண்டாம் கிழமையில் மைசூர் பருப்பு ஒரு தேக்கரண்டி, இரண்டு மணித்தியாலம் ஊறவைத்துத் தண்ணியைக் கொட்டி அரிசியோடு சேர்த்து அவிக்கலாம். பிறகு பூசணி, அதன்பின் வத்தாளங்கிழங்கு. ஒவ்வொரு புதுச் சாமானுக்கும் மூன்று நாள் இடைவெளி விடுங்கள். ஆறாம் மாத ஊசி போட்ட அன்றும் மறுநாளும் புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம். காய்ச்சல் சிணுங்கலா, சாப்பாட்டுச் சிணுங்கலா என்று குழம்பிவிடும்.

மலம் இறுகினால் பலர் உடனே வாழைப்பழத்தைக் கொடுக்கிறார்கள். பழுக்காத பழம் இன்னும் இறுக்கும். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த கதலி என்றால் பரவாயில்லை. அதைவிடப் பப்பாசி நல்லது: நன்றாகப் பழுத்த துண்டு ஒன்று, இரண்டு மேசைக்கரண்டி அளவு மசித்து, விதையும் தோலும் நீக்கி. சாப்பாட்டோடு கொதித்தாறிய தண்ணி இரண்டு மூன்று வாய் போதும், கிண்ணம் கிண்ணமாக ஊற்றினால் பாலுக்கு வயிற்றில் இடம் இருக்காது.

மீன் கடலோர ஊரில் வசதி. ஏழாம் மாதத்தில் பாரை அல்லது விளமீன் ஒரு துண்டை அவித்து, முள்ளை வெளிச்சத்தில் பார்த்து எடுத்து, சோற்றோடு உதிர்த்துப் பிசையலாம். சூடையில் முள் அதிகம், கருவாட்டில் உப்பு அதிகம். கோழி ஈரல், நன்றாக அவித்த முட்டை இரண்டும் ஆறு மாதத்துக்குப் பிறகு தாராளமாகப் பழக்கலாம், ஒவ்வாமைக்குப் பயந்து ஒரு வயது வரை தள்ளிப்போடுவதில் பயன் இல்லை. பெட்டிச் சீரியலை வேண்டாம் என்று விடுகிறவர்கள் ஈரலையும் மீனையும் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும். வெறும் சோறு, பூசணியில் போதிய இரும்பு கிடைக்காது.

திரிபோஷா என்ற அரச சத்துமா கடையில் விற்பதற்கல்ல. எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் இலவசமாகக் கொடுப்பது. சோளமும் சோயாவும் சேர்ந்ததால் வயிறு ஊதும் பிள்ளைக்கு அரைக் கரண்டியில் தொடங்குவது நல்லது.

பார்மசித் தட்டுக்கு வருவோம். கிரைப் வோட்டர் வேலை செய்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அழுகை நிற்பது பெரும்பாலும் அதன் இனிப்பால். வாய்வுக்கு விற்கும் சிமெத்திகோன் துளிகளும் ஆய்வுகளில் மருந்தில்லாத போலித் துளிகளைவிட மேலாகத் தெரியவில்லை, ஆபத்தும் பெரிதாக இல்லை, காசுதான் வீண். வசம்பு வேறு விடயம். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் அதில் உள்ள பீட்டா அசரோன் நஞ்சு. அமெரிக்கா 1968 முதல் அதை உணவில் சேர்க்கத் தடை செய்திருக்கிறது. உரைத்து நாக்கில் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வயிற்றில் வலஞ்சுழியாக இளஞ்சூட்டுக் கையால் தடவுவதும், காலைச் சைக்கிள் மிதிப்பதுபோல அசைப்பதும் இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரும், காசும் இல்லை.

எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதையும் பார்ப்போம். பூசணி தின்ற பிள்ளைக்கு மஞ்சள் மலம், கீரை தின்றால் பச்சை, மணம் கூடுவது, பருப்புத் தோல் அப்படியே வருவது எல்லாம் இயல்பு. பத்து நிமிடம் முக்கி அழுது, கடைசியில் மென்மையாகப் போனால் அது மலச்சிக்கல் அல்ல, முக்கப் பழகுகிறது. ஆட்டுப் புழுக்கைபோல இறுகினால், கிழமைக்கு மூன்று முறைக்குக் குறைந்தால், அதுதான் சிக்கல். சாப்பிட்டு ஒன்று முதல் நாலு மணித்தியாலத்துக்குள் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துத் துவண்டால் அந்தச் சாமானை நிறுத்தி அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள், அரிசியும் இதைச் செய்யும். பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், விட்டுவிட்டு வீரிட்டு அழுது காலை மடக்குவது, கல்லாக ஊதிய வயிறு என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் நேரே மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு. வாகனம் இல்லை என்றால் 1990 சுவசெரியவுக்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கடைசியாக மில். அரைக்கும் மில்லில் உங்களுக்கு முன் மிளகாய் போயிருந்தால் அந்தக் காரம் பிள்ளையின் மாவில் வரும், மலவாசல் சிவந்து எரியும், குற்றம் குரக்கனில் விழும். காலையில் முதல் ஆளாகப் போங்கள், அரைக் கிலோ அரிசியை முதலில் ஓடவிட்டு அதை வீட்டுப் பிட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மாரி தொடங்கினால் கால் கிலோவுக்கு மேல் அரைக்க வேண்டாம், மூடி இறுகும் போத்தலில் வையுங்கள். பூஞ்சண மணம் வந்த மாவை வறுத்தால் மணம் போகும், நஞ்சு போகாது. கொட்டிவிடுங்கள், கோழிக்கும் போட வேண்டாம்.