அட்டைப்பெட்டியில் 4கே, உள்ளே வேறு பேனல்: 43 இஞ்ச் டிவி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பண்டிகைச் சலுகையில் விற்ற லோக்கல் பிராண்டு 43 இஞ்ச் டிவி ஒன்று. ஒரு வருட வாரண்டி முடிந்த சில வாரங்களில் சத்தம் மட்டும் வருகிறது, படம் இல்லை. விற்ற கடையின் மெக்கானிக் வந்து பார்த்து, "பேனல் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். படம் தெரியும் திரைப் பாகத்தைத்தான் பேனல் என்கிறார்கள். சர்வீஸ் மேஜையில் பின்மூடியைக் கழற்றியபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பேனல் போகவே இல்லை. அது 4கே (3840×2160 புள்ளிகள்) பேனலும் இல்லை. ஸ்டிக்கரில் இருந்த பார்ட் நம்பர் 1920×1080 (ஃபுல் எச்டி) பேனலுடையது. அட்டைப்பெட்டியிலோ "4கே அல்ட்ரா எச்டி" என்று பெரிதாகவும், அதன் கீழே "சப்போர்ட்டட்" என்று பொடியாகவும் அச்சடித்திருந்தது.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்றால், மதர்போர்டு 4கே சிக்னலை வாங்கி, பேனலுக்கு ஏற்றபடி சுருக்கிக் காட்டுகிறது. எச்டிஎம்ஐயில் செட்டாப் பாக்ஸைச் செருகினால் திரை மூலையில் 3840×2160 என்றே வரும். அது உள்ளே வரும் சிக்னலின் அளவு. கடையில் இதைக் காட்டித்தான் நம்ப வைக்கிறார்கள். செட்டிங்ஸில் தெரியும் ரேம், ஆண்ட்ராய்டு வெர்ஷன் எண்களையும் சாஃப்ட்வேரில் மாற்றி எழுதிவிடலாம் என்பதால் அவற்றையும் நம்ப வேண்டாம்.

பேனல் மட்டும் பொய் சொல்லாது. திரையில் முழு வெள்ளைப் படத்தை வைத்து, ஒரு பள்ளிக்கூட ஸ்கேலைத் திரையில் அழுத்தாமல் பக்கத்தில் பிடித்து, செல்போனின் மேக்ரோ கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம் சேர்ந்த கோடுகள் வரிசையாகத் தெரியும். மூன்றும் சேர்ந்தது ஒரு பிக்சல். 43 இஞ்ச் டிவியின் படப்பரப்பு அகலம் ஏறக்குறைய 95 செ.மீ. ஒரு செ.மீ.யில் 40 பிக்சல் இருந்தால் 4கே. 20 இருந்தால் ஃபுல் எச்டி. 14தான் இருக்கிறது என்றால் 1366×768, அதாவது வெறும் எச்டி ரெடி. எண்ணுவதற்கு ஐந்து நிமிடம் போதும். கடைக்காரர் இதற்கு மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

'எல்இடி டிவி' என்று விற்பதும் எல்சிடிதான். பின்னால் வெளிச்சம் தருவது மட்டும் எல்இடி. கியூஎல்இடியும் இதே குடும்பம். ஓஎல்இடி மட்டுமே வேறு. பெட்டியில் போடும் "10 லட்சத்துக்கு 1" டைனமிக் கான்ட்ராஸ்டை (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) பார்க்கவே வேண்டாம். எல்சிடி பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரு வகை உண்டு. ஐபிஎஸ் பேனலின் உண்மையான கான்ட்ராஸ்ட் 1000:1 அளவில், விஏ பேனலுடையது 3000:1க்கு மேல். "120 மோஷன்" என்று எழுதியிருக்கும் பல செட்டுகளில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் மாற்றும்) பேனல்.

ஸ்மார்ட் என்ற பெயரில் செல்போன் ஆண்ட்ராய்டை அப்படியே ஏற்றி விற்பதும் நடக்கிறது. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதிக்குப் போய் கூகுள் தரும் ப்ளே ப்ரொடெக்ட் சான்றிதழைப் பாருங்கள். சான்று இல்லை என்று வந்தால் நெட்ஃபிளிக்ஸ் வேலை செய்யாது, செய்தாலும் மங்கலான எஸ்டி தரத்தில்தான் ஓடும்.

இனி அந்த "பேனல் போச்சு" கதை. இருட்டில் டிவியை ஆன் செய்து, திரைக்கு மிக அருகில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் போயிருக்கிறது. மேலே சொன்ன செட்டிலும் இதுதான். பேக்லைட்டில் உள்ள எல்இடி ஸ்ட்ரிப்புகள் (பட்டைகள்) தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு எல்இடி அறுந்தாலே மொத்தமும் அணைந்துவிடும். விலை குறைந்த செட்டுகளில் ஸ்ட்ரிப்பைக் குறைவாகப் போட்டு, கரண்டை அதிகமாகக் கொடுத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். சூட்டில் எல்இடி சீக்கிரம் சாகிறது. படம் ஊதா நிறத்துக்குப் போவது அதற்கு முன்னறிகுறி. ஒரு எல்இடியை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள், முழு செட் ஸ்ட்ரிப்பையும் மாற்றச் சொல்லுங்கள். எல்இடிக்குப் போகும் டிரைவர் கரண்டையும் குறைக்கச் சொல்லுங்கள். பேனலைத் தூக்கும்போது ஓரத்தில் உள்ள மெல்லிய ஃபிலிம் கேபிள் கிழிந்தால் செங்குத்துக் கோடு விழும், அதைச் சரிசெய்வது மிகக் கடினம். அதனால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் கடையாகப் பாருங்கள். நல்ல செட்டாக இருந்தாலும் மெனுவில் 'பேக்லைட்'டை 60க்குக் கீழே வையுங்கள். 'பிரைட்னஸ்' வேறு, பல செட்டுகளில் அது கறுப்பின் அளவை மட்டுமே மாற்றும்.

பில்லில் "43 இஞ்ச் 4கே டிவி" என்று எழுதினால் போதாது. மாடல் நம்பர், சீரியல் நம்பர், "பேனல் ரெசல்யூஷன் 3840×2160" மூன்றும் இருக்கட்டும். செட்டின் பின்னால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், வேறு கம்பெனி பெயர் வந்தால் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதத்தில் இன்னும் பில் போட்டால் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் "வாரண்டி முடிந்துவிட்டது" என்ற பதிலோடு திரும்பிவிட வேண்டாம். 4கே என்று விற்று ஃபுல் எச்டியைக் கொடுத்தது ரிப்பேர் விவகாரம் அல்ல, பொய் விவரம் சொல்லி விற்றது. பில், அட்டைப்பெட்டியின் படம், ஸ்கேலோடு எடுத்த பிக்சல் படம், பேனல் ஸ்டிக்கர் படம் நான்கையும் வைத்து முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது.