தெருவிலேயே ஒரு சுகாதாரத் தோழி: மூன்று வருட அனுபவம்

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் சுகாதாரத் தோழி ஏற்பாடு தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குச் சர்க்கரை, பிபி வராமல் பார்த்துக்கொள்ள அதே வயதுப் பெண் ஒருத்தியே துணை நிற்பதுதான் இது. எனக்கு இது நிஜமாகவே கைகொடுத்திருக்கிறது.

சேரும்போது என் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு, 6.2. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், கெட்ட கொலஸ்ட்ராலும் ஏறும். நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதையே இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் ஒரு கிளினிக்கில் கொடுத்த டயட் சார்ட்டில் ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் இருந்தன. ரேஷன் அரிசி பொங்குகிற வீட்டில் அதை எங்கே ஒட்டுவது?

எனக்குத் தோழியாக வாய்த்த அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பிபி மாத்திரை சாப்பிடுகிறவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குச் சுயஉதவிக் குழுப் பெண்களைத்தான் தன்னார்வலர்களாக எடுத்தார்கள். அப்படி வீடு வீடாகப் போய் பிபி பார்த்தவர் இவர். முதல் நாள் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து, "எண்ணெய் பாக்கெட் எப்ப பிரிச்ச?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஸ்கெட்ச் பேனா வாங்கி பாக்கெட் மேலேயே தேதி எழுதச் சொன்னார். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் கணக்கு. நாலு பேருக்கு இரண்டு லிட்டர் போதும். எங்கள் வீட்டில் அது பாதி மாதம்கூடத் தாங்கவில்லை என்று அந்தத் தேதிதான் காட்டிக்கொடுத்தது.

அப்புறம் இரவுச் சாப்பாடு. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த சோற்றை வீணாக்க மனசில்லாமல் நாமே வழித்துச் சாப்பிட்டுவிடுவோமே, அதை எந்த டாக்டரும் என்னிடம் கேட்டதில்லை. அக்கா கேட்டார், ஏனென்றால் அவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். "அடுத்த வாரத்துக்குள்ள எது முடியும்னு மட்டும் சொல்லு, முடியாததச் சொல்லாத" என்பார். நான் ஒரு ஆழாக்கு அரிசியைக் குறைத்துப் போடுகிறேன் என்றேன். அடுத்த வாரம் மறக்காமல் வந்து கேட்டார். அந்தக் கேள்வி வருகிறது என்று தெரிந்தாலே கை தானாகக் குறைத்து அளக்கும்.

நடைப்பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாரம் 150 நிமிடம் என்று இலக்கு. தெருப் பெண்கள் சேர்ந்து போவதால் விட்டுப்போவதில்லை. நடுவில் அக்கா தன் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது வாட்ஸ்அப்பில் தொடர்ந்தோம். அது சரிப்படவில்லை. எல்லோரும் சாப்பாட்டுப் படம் போட்டார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை. நேரில் வந்து உட்காருவதற்கு இணையாக வேறெதுவும் இல்லை என்பதுதான் என் கருத்து.

இப்போது என் அளவு 5.8. எல்லோருக்கும் இப்படி இறங்கும் என்று சொல்ல மாட்டேன். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 பகுதிகளில் 1,007 பேரை வைத்து, பாதிப் பகுதிகளில் மட்டும் உள்ளூர்க்காரர்களையே வழிகாட்டிகளாக்கி ஒரு ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது. காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது. ஆனால் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் சர்க்கரை நோய் வந்தவர்கள் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதனால் வருடாந்திரப் பரிசோதனையை விடவே கூடாது.

சேர நினைப்பவர்கள் ஒன்றை விசாரியுங்கள்: டாக்டரிடம் எப்போது அனுப்ப வேண்டும் என்று அந்தத் தோழிக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களா? எங்கள் குழுவில் ஒருவருக்கு மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேலான பிறகு மறுபடி இரத்தப்போக்கு வந்தது. கை வைத்தியம் சொல்ல நாலு பேர் இருந்தார்கள். அக்கா அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.