கீசர் டிரிப் ஆகுதுன்னு கூப்பிட்டா எர்த் வயரையே வெட்டிட்டு போயிருக்காங்க, சேலம் மக்கள் உஷாரா இருங்க

சேலத்துல போர் தண்ணியில கீசர் ஓட்டுறவங்க இதை முழுசா படிங்க. கீசர் போட்டா வீடு பூரா கரண்ட் போகுதுன்னு ஒருத்தரை கூப்பிட்டோம், ரிப்பேர் பண்ணிட்டேன்னு 3200 ரூபா வாங்கிட்டு போனாரு. அவரு பண்ணிட்டு போன வேலையில எங்க அத்தை உயிரே போயிருக்கும்.

எங்க வீடு அழகாபுரம் பக்கம். 25 லிட்டர் கீசர், 2000 வாட்ஸ். மார்கழி குளிர்ல சுவிட்ச் போட்ட கொஞ்ச நேரத்துல ஆர்.சி.சி.பி. (கரண்ட் வெளிய கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) படக்குன்னு விழுந்துரும், தூக்கி விட்டா மறுபடி விழும். ஒரு எலக்ட்ரிகல் கடையில சொன்னோம், ஆள் அனுப்பினாங்க. வந்தவரு "காயில் போயிருச்சுக்கா, புதுசு போடணும்"னாரு, சரின்னோம். பாத்ரூம் கதவை சாத்திக்கிட்டு வேலை பாத்தாரு, பழைய காயிலை குடுங்கன்னு கேட்டா "அந்த இத்துப்போனது எதுக்குக்கா உங்களுக்கு"ன்னு பையைத் தூக்கிட்டு கிளம்பிட்டாரு, பில்லும் கிடையாது. அதுக்கப்புறம் டிரிப் ஆகல, தண்ணியும் நல்லா சூடாச்சு, யாருக்கு சந்தேகம் வரும்?

அப்புறம் ஒரு நாள் காலைல அத்தை குளிக்கப் போயிட்டு, குழாயை தொட்டா சுர்ருங்குதுன்னு வெளிய வந்துட்டாங்க. வீட்டுக்காரர் டெஸ்டர் வெச்சா லைட் எரியுது. உடனே மெயினை ஆஃப் பண்ணிட்டு, அம்மாபேட்டையில இருக்க அவங்க பெரியப்பாவை கூப்பிட்டோம், மின்வாரியத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, மீட்டரோட வந்தாரு. கீசர் மூடியைக் கழட்டினா எர்த் வயரை வெட்டி டேப் சுத்தி உள்ளயே மடிச்சு விட்டிருக்கு. போர்டை திறந்து பாத்தா கீசர் லைனை மட்டும் ஆர்.சி.சி.பி.ல இருந்து பிரிச்சு நேரா கொண்டு வந்து எம்.சி.பி.ல (அளவுக்கு மேல கரண்ட் இழுத்தா மட்டும் கட் பண்ற சுவிட்ச்) சொருகியிருக்கு. புது காயிலாம்! வெளிய எடுத்தா சுண்ணாம்பு கனமா படிஞ்சு ஒரு இடத்துல வெடிச்சிருக்க அதே பழைய காயில்.

பெரியப்பா சொன்னதை அப்படியே சொல்றேன். காயில்ங்கிறது ஒரு செம்புக் குழாய், அது உள்ள சூடாகுற கம்பி, ரெண்டுக்கும் நடுவுல மெக்னீசியம் ஆக்சைடு பவுடரை இறுக்கி அடைச்சிருப்பாங்க (நம்ம மேக்னசைட் பக்கம் வெட்டுற வெள்ளைக்கல்லை சுட்டா கிடைக்கிறதும் இதே பொருள்தானாம்). அந்த பவுடர் சூட்டை விடும், கரண்டை விடாது. நம்மூரு உப்புத் தண்ணியில குழாய் மேல சுண்ணாம்பு படிஞ்சா சூடு தண்ணிக்கு போக முடியாம குழாயே ஓவரா காஞ்சு வெடிக்கும், அந்த வெடிப்பு வழியா தண்ணி பவுடருக்குள்ள போனா கரண்ட் டேங்குக்கும் தண்ணிக்கும் வந்துரும். எர்த் இருந்தா அது வழியா கீழ இறங்கும், 30 மில்லி ஆம்ப்ஸ் கசிஞ்சாலே ஆர்.சி.சி.பி. கட் பண்ணிடும். அதாவது எங்க வீட்ல அது விழுந்து விழுந்து எங்களை காப்பாத்திட்டு இருந்திருக்கு, இந்தாளு அதையே ஒதுக்கி வெச்சுட்டாரு. எம்.சி.பி. இருக்கேன்னு நினைக்காதீங்க, எங்களது 20 ஆம்ப்ஸ், கீசர் முழுசா ஓடினாலே 9 ஆம்ப்ஸ்கிட்டதான் இழுக்கும், ஆனா மனுசன் உயிர் போறதுக்கு 1 ஆம்ப்ஸ்ல பத்துல ஒரு பங்கு போதும், எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. குழாய் லைன் வேற பிளாஸ்டிக், கரண்ட் இறங்க வேற வழியே இல்ல, ஈரத் தரையில நின்னு யாரு கை வெக்கிறாங்களோ அவங்க மேலதான் பாயும்.

அந்தாளுக்கு போன் போட்டா "டிரிப் ஆகக் கூடாதுன்னு தானக்கா கூப்பிட்டீங்க, இப்ப ஆகலைல்ல?"ங்கிறாரு. கேட்டதும் கை நடுங்கிருச்சு எனக்கு. கடைக்காரரு அவரு எங்க ஸ்டாஃபே இல்லைன்னுட்டாரு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல போட்டோ, பணம் அனுப்பின ஆதாரம் எல்லாம் வெச்சு கம்ப்ளெயின்ட் பண்ணியாச்சு.

இப்ப பெரியப்பா கூடவே இருந்து வேற ஆளை வெச்சு புது காயில், கேஸ்கட், கரைஞ்சு கம்பி மட்டும் மிச்சமிருந்த ஆனோட் ராடு (டேங்க் துருப்பிடிக்காம இருக்க, தான் கரைஞ்சு காப்பாத்துற ராடு) எல்லாம் மாத்தி, எர்த்தும் பழையபடி குடுத்தாச்சு. மாட்டுறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சு காட்டச் சொல்லுங்க, 2000 வாட்ஸ் காயில்னா ரெண்டு முனைக்கும் நடுவுல 26 ஓம்ஸ் வாக்குல காட்டணும், முனைக்கும் குழாய்க்கும் நடுவுல தொடர்பே இல்லைன்னு காட்டணும் (0 ஓம்ஸ்னு காட்டினா தப்பு). பழைய காயிலை கையில வாங்காம பணம் குடுக்காதீங்க.

அந்த கடைக்காரரு இப்ப 3200ஐ திருப்பித் தர்றேன், கம்ப்ளெயின்டை வாபஸ் வாங்குங்கன்னு கேக்குறாரு. பணம் அப்புறம், அந்தாளை எந்தெந்த வீட்டுக்கு கீசர் வேலைக்கு அனுப்புனீங்கன்னு லிஸ்ட் குடுங்கன்னோம், இன்னும் தரல. அதனால அழகாபுரம், அஸ்தம்பட்டி, பேர்லேண்ட்ஸ் பக்கம் இந்த குளிருக்கு கீசர் டிரிப் பிரச்சனை சரி பண்ணவங்க இன்னைக்கே கீசரை போட்டு விட்டு, குழாய் பக்கம் போகாம, ஆர்.சி.சி.பி.ல இங்கிலீஷ்ல T-ன்னு போட்டிருக்க டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. மத்ததெல்லாம் நின்னும் கீசர் லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்தா மெயினை ஆஃப் பண்ணிட்டு நல்ல எலக்ட்ரீஷியனை கூப்பிடுங்க, அவரு வந்து பாக்குற வரைக்கும் யாரையும் பாத்ரூம் குழாயை தொட விடாதீங்க.