ரெசிடென்ட் ஈவில் 4: பழைய கொம்பியூட்டரில் எந்தப் பதிப்பு, எப்படி?

ஜப்பானியக் கேம் இயக்குநர் ஷின்ஜி மிகாமியின் கேம்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், அது 2005இல் வந்த திகில் கேமான ரெசிடென்ட் ஈவில் 4ஆக இருக்கட்டும். கொம்பியூட்டருக்கு 2014இல் வந்த அல்டிமேட் எச்டி பதிப்பை எடுங்கள். 2007இல் வந்த முதல் கொம்பியூட்டர் பதிப்பு டிவிடியில் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அதில் மவுஸ் வேலை செய்யாது. 2023இன் மறுஆக்கம் நல்ல வேலைப்பாடுதான், ஆனால் மிகாமி இயக்கியதல்ல. அதற்குக் குறைந்தது 8 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ தரத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். 2014 பதிப்போ 2 ஜிபி ரேமிலேயே ஓடும். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் அதன் வழக்கமான விலை 20 டொலருக்கு ஒரு சதம் குறைவு. தள்ளுபடி நாள் வரை பொறுத்தால் இன்னும் மலிவு.

மிகாமி 1990இல் கெப்கொம் நிறுவனத்தில் சேர்ந்தார். அலாடின் போன்ற சிறுவர் கேம்களில் கைபழகி, 1996இல் முதல் ரெசிடென்ட் ஈவிலை இயக்கினார். அதில் நாயகன் கிறிஸ் 6 பொருள் சுமக்கலாம், நாயகி ஜில் 8. சேமிப்பதற்குக்கூட மை நாடா தேடி எடுக்க வேண்டும். நடமாடும் பிணங்களைவிட, கையில் என்ன மிச்சம் என்ற கணக்கே அங்கே பயம் தரும். அந்தக் கணக்கை 4ஆம் பாகத்தில் ஒரு கைப்பெட்டியாகக் கண்முன் விரித்து வைத்தார். தொடக்கத்தில் அது 6க்கு 10, ஆக 60 கட்டம். துப்பாக்கி, குண்டு, மூலிகை ஒவ்வொன்றுக்கும் அதற்கான நீள அகலம் உண்டு. பொருளைத் திருப்பிப் போட்டு, மூலைக்குத் தள்ளி, இடம் பிடிக்க வேண்டும். ஒரு மூலிகை 2 கட்டம் பிடிக்கும். பச்சை, சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்தாலும் அதே 2 கட்டம்தான். கலந்தால் 4 கட்டம் மிச்சம், மஞ்சள் சேர்ந்ததால் உயிரளவின் உச்சமும் கூடும். மஞ்சளைத் தனியே பயன்படுத்த முடியாது. அதனால் பச்சையும் சிவப்பும் கலந்ததை, மஞ்சள் சேரும் முன் அவசரப்பட்டுப் பயன்படுத்திவிடாதீர்கள்.

குறிபார்க்கும்போது 4ஆம் பாகத்தின் நாயகன் லியோனால் நடக்க முடியாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் குறை சொல்கிறார்கள். ஆனால் கேம் முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. நின்று சுடுவதா, விலகி ஓடுவதா என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்க வேண்டும். சனம் சூழ்ந்தால் ஒருவன் தலையில் ஒரே ஒரு குண்டு. அவன் தள்ளாடும்போது ஓடிப்போய் உதையுங்கள். உதை சுழலும் நேரத்தில் உங்களுக்கு அடி விழாது, பக்கத்தில் நிற்பவர்களும் சேர்ந்து விழுவார்கள். ஒரு குண்டில் மூன்று நான்கு பேர்! விழுந்தவனைக் கத்தியால் முடியுங்கள். கத்தி பெட்டியில் இடம் பிடிப்பதில்லை. இரவுக் காட்சிகள் தொடங்கிய பிறகு தலையை விட்டுக் காலைச் சுடுங்கள். தலை சிதறினால் உள்ளிருந்து ஒட்டுண்ணி கிளம்பும்.

கேமுக்குள் வரும் ஆயுத வியாபாரியிடம் துப்பாக்கியின் கொள்ளளவைக் கூட்டும் முன் அதிலுள்ள குண்டுகளைச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். கூட்டியதும் அது நிரம்பியே கைக்கு வரும்.

இனி இயந்திரப் பக்கம். இந்த 2014 பதிப்பின் வேகம், நொடிக்கு எத்தனை படம் (பிரேம்) என்ற கணக்கோடு கட்டப்பட்டது. 60 பிரேம் தெரிவுசெய்து, கார்டால் அதைக் கொடுக்க முடியாவிட்டால் படம் வெட்டாது, முழுக் கேமும் தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாகும். கேம் பழுது என்று அழித்துவிடாதீர்கள். 30க்கு மாற்றுங்கள், ரெசலூஷனைக் குறையுங்கள், அசைவை மங்கலாகக் காட்டும் மோஷன் புளரை நிறுத்துங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். முதலில் நன்றாக ஓடி, அரை மணி கழித்து இழுத்தால் அது சூடு. திருகோணமலையில் கச்சான் என்ற வெப்பக் காற்று அடிக்கும் மாதங்களில் இது சாதாரணம். விசிறியில் புழுதி தட்டி, புரொசசருக்குப் புது வெப்பப் பசை வையுங்கள். நகரின் இரு பக்கமும் கடல் என்பதால் உப்புக்காற்றில் ரேமின் பொன்னிறக் கால்கள் மங்கும். ரேமைக் கழற்றி, அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள்.

கரண்ட் போகும் ஊர்களில் இன்னொரு கவனம் தேவை. செத்தால் மீண்டும் தொடங்கும் இடங்கள் ஹார்ட் டிஸ்கில் பதிவாவதில்லை. கேமுக்குள் வரும் தட்டச்சுப் பொறியிலும் அத்தியாய முடிவிலும் நீங்களாகச் சேமித்ததுதான் நிற்கும். இதில் மை நாடா தேவையில்லை, எத்தனை தடவையும் சேமிக்கலாம். பொறியைக் கண்ட இடத்திலெல்லாம் சேமியுங்கள்.

குறை இல்லாமலில்லை. காட்சி நடுவே திடீரென்று பொத்தான் அழுத்தச் சொல்லும் இடங்கள் இன்று எரிச்சல் தருகின்றன. கடைசித் தீவுப் பகுதியில் பயம் வற்றி, வெறும் சண்டையாக நீள்கிறது. தொடக்கத்தில் வரும் கிராமத்தின் முதல் பத்து நிமிடத்துக்கு அது ஈடாகவே முடியாது.

முடித்தபின், கதையில் வரும் ஏடா என்ற பெண்ணின் தனிக் கதையும் மெர்சனரீஸ் என்ற கூடுதல் ஆட்டமும் அதே விலைக்குள் இருக்கின்றன. அடுத்து மிகாமியின் எதை ஆடுவது என்றால், கொம்பியூட்டரில் வான்குவிஷ் உண்டு. பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்கள் 2006இன் கோட் ஹேண்டைத் தேடுங்கள். ரெசிடென்ட் ஈவில் 4 நீங்கள் அடிக்கடி செத்தால் சத்தமில்லாமல் இலகுவாகும், நன்றாக ஆடினால் கடினமாகும். கோட் ஹேண்டில் அதே அளவுகோல் திரையின் ஓரத்திலேயே தெரியும். அடி வாங்க வாங்க இறங்கும், அடிக்க அடிக்க ஏறும்.