டி750க்கு பேக்கப்பாக எஃப்100: வாங்கியதும் பிடித்ததும் பிடிக்காததும்

என் டிஜிட்டல் கேமரா நிக்கான் டி750. அதற்குப் பேக்கப்பாக, அதன் லென்ஸ்களையே மாட்டிக்கொள்ள ஒரு பழைய ஃபிலிம் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) தேடினேன். நிக்கான் எஃப்எம்2 மேல் எனக்குப் பல வருட ஆசை. 1982இல் வந்த கேமரா, முழுக்க மெக்கானிக்கல், செல் வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான், அது தீர்ந்துபோனாலும் 1/4000 வரை எல்லா ஷட்டர் வேகமும் ஓடும். பழைய கேமரா விற்கிற கடையில் கையில் எடுத்து லீவரை இழுத்துப் பார்த்தேன், அந்தச் சத்தத்துக்கே பணத்தைக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. அப்புறம்தான் பையிலிருந்து என் 24-120 எஃப்4ஜி லென்ஸை எடுத்து மாட்டினேன். மாட்டிக்கொண்டது, பிரயோஜனம் இல்லை. ஜி வகை லென்ஸில் அப்பெர்ச்சர் வளையம், அதாவது ஒளி நுழையும் துளையைக் கூட்டிக் குறைக்கிற வளையம், கிடையாது, எஃப்எம்2க்கு வளையம் இல்லாமல் முடியாது, என்ன செய்தாலும் மிகச் சிறிய துளையிலேயே மூடிக்கொள்ளும். என் 50 எஃப்1.8ஜியும் அதே கதிதான். இருக்கிற லென்ஸ் இரண்டும் சும்மா கிடக்க, பாடிக்காகத் தனியாக லென்ஸ் வாங்கினால் அது பேக்கப் இல்லை, இரண்டாவது குடித்தனம்.

மனசில்லாமல் வைத்துவிட்டு வந்தேன்.

மிச்சம் இருந்தது நிக்கானின் வேறு இரண்டு ஃபிலிம் பாடிகள், எஃப்80, எஃப்100. இரண்டிலும் ஜி லென்ஸ் வேலை செய்யும், கை நடுக்கத்தைச் சமாளிக்கிற விஆர் கூட வேலை செய்யும். எஃப்80 எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் அதற்கு இரண்டு சிஆர்123ஏ பேட்டரி வேண்டும், அதைச் சின்ன ஊரில் போய்க் கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். எஃப்100க்கு சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற டபுள் ஏ செல் நான்கு போதும். எனக்கு இதுதான் முடிவு செய்து கொடுத்தது. பேக்கப் பாடிக்கு முதல் பாடியின் லென்ஸ் எல்லாம் பொருந்தணும், முதல் பாடிக்கு வரும் நோவு மட்டும் வரக்கூடாது.

எஃப்100ஐ 1999இல் வந்த கேமரா என்று கையில் எடுத்தால் தோன்றவே தோன்றாது. முன்னால் ஒரு டயல், பின்னால் ஒரு டயல், ஷட்டர் பட்டனைச் சுற்றி ஆன் ஆஃப், டி750 பழகிய விரல் எதையும் தேட வேண்டியதில்லை. ஃபிலிம் நுனியைச் சிவப்புக் குறி வரை இழுத்து வைத்து மூடியபின் கையால் சுற்ற வேண்டியதில்லை, மோட்டாரே சுற்றி எண் 1 காட்டும். ஃபோகஸ் புள்ளி ஐந்தே ஐந்து, டி750இன் 51க்குப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பேட்டரி இல்லாமலே 785 கிராம், பையில் இரண்டு பாடியும் இருந்தால் சாயங்காலம் தோள்பட்டை பேசும்.

வாங்கும்போது பின்மூடியைத் தடவிப் பாருங்கள். இந்த வயது பாடிகளில் ரப்பர் பூச்சு இளகி, பழைய வெல்லம் மாதிரி பிசுபிசுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுப் பொறுமையாகத் துடைத்தால் போய்விடும், அதை வைத்து பேரம் பேசலாம். பின்மூடியைத் திறந்து ஷட்டர் திரையில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆன்லைனில் ஒருவரிடம் வேறொரு பாடி வாங்கி இதைப் பார்க்காமல் விட்டு நான் அழுதது தனிக் கதை.

இன்னும் சில வில்லங்கம் உண்டு. அப்பெர்ச்சர் மின்சாரத்தில் ஓடுகிற புதிய இ வகை லென்ஸில் அதை எஃப்100ஆல் மூட முடியாது, ஸ்டெப்பிங் மோட்டார் வைத்த ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே ஆகாது. எஸ்பி-700 ஃபிளாஷுக்கு ஃபிலிம் பாடியில் டிடிஎல் (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃபிளாஷ் அளவைத் தானே முடிவு செய்வது) இல்லை, மேனுவலில்தான் ஓட்ட வேண்டும். நிக்கானின் மிரர்லெஸ் கேமராவுக்குப் போய் அதற்கான இசட் லென்ஸ் மட்டும் வைத்திருந்தால் இந்த வழியே மூடிக்கிடக்கிறது. கேனான்காரர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை, இஎஃப் லென்ஸ் இருந்தால் எந்த ஈஓஎஸ் ஃபிலிம் பாடியும் சரி.

ஃபிலிம் விலை, கழுவுகிற செலவு பற்றிப் பேசினால் வயிறு எரியும், விடுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போனேன். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், அவரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவையிலேயே டி750இன் ஒரே பேட்டரியைத் தின்று தீர்த்துவிட்டேன், சார்ஜர் சென்னையில் சுவரில் தொங்குகிறது. தப்பு என்னுடையதுதான். விடியற்காலை வைகைக்குப் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடையில் நான்கு செல் வாங்கிப் போட்டு, 50 லென்ஸை எஃப்100க்கு மாற்றிக்கொண்டேன். ட்ரை-எக்ஸ் 400 ஃபிலிம், துளை எஃப்2, வேகம் 1/60. பக்தர்கள் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், கேமராவைச் சட்டைக்குள் போட்டுப் போட்டு எடுக்கிறேன். ஒவ்வொரு முறை அழுத்தியதும் பழக்கதோஷத்தில் பின்னால் திருப்பிப் பார்க்கிறேன், கறுப்பு மூடிதான் தெரிகிறது. 36இல் ஒன்பது தேறியது, அதில் ஒன்றை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

அழகர் இந்த வருஷம் என்ன பட்டு உடுத்தினார் என்று அத்தை படத்தைப் பார்த்துக் கேட்டார். கறுப்பு வெள்ளை ஃபிலிம் அத்தை, பச்சைதான், என்னை நம்புங்கள் என்றேன்.