கீழக்கரை வீட்டு இசையறையில் ராக்வூல் பலகைகள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட மாடி அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கினேன். சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையுமாக இருந்த அந்த அறையில் கைதட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் தெறித்துக்கொண்டே இருந்தது. ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதியின் மிருதங்க இசைப்பதிவை அங்கே கேட்டபோது, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கையை அழுத்தி வழுக்கி அவர் இழைக்கும் கும்கி என்ற நாதம் தனியாகக் கேட்காமல் வெறும் முழக்கமாய்க் குழைந்துபோனது எனக்குத் தாங்கவில்லை.

முதலில் இணையத்தில் வாங்கிய ஓரங்குல ஃபோம் ஏமாற்றியது. 100 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். அதை ஓரங்குலத் தடிமன் உறிஞ்ச வழியில்லை. உச்ச ஒலிகளை மட்டும் உறிஞ்சி அறையை மந்தமாக்கிவிட்டு, கீழ் ஒலிகளை அப்படியே விட்டது. போதாததற்கு, கடற்கரையின் ஈரப்பதத்தில் பொடிப்பொடியாய் உதிரவும் தொடங்கியது.

அதன் பிறகே 50 மி.மீ. தடிமனும் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியும் கொண்ட, நான்கடிக்கு இரண்டடி ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பலகைகள் பத்து வாங்கினேன். ஒரு பலகை ஒன்றே முக்கால் கிலோதான் இருக்கும். கேட்கும் இடத்தில் நான் அமர்ந்துகொள்ள, தம்பி பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனான். கண்ணாடியில் ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிந்ததோ அங்கேதான் ஒலி பட்டுத் தெறித்துக் காதுக்கு வரும் என்பதால், அங்கே சுவருக்கு ஒன்றாக இரண்டும், பின்சுவரில் இரண்டும் மாட்டினோம். எஞ்சிய ஆறையும் மூன்று மூன்றாக அடுக்கி முன்மூலைகள் இரண்டிலும் நிறுத்தினோம். சுவரோடு ஒட்டாமல் இரண்டங்குல இடைவெளி விட்டு மாட்டினால், அதே பலகை இன்னும் கீழுள்ள ஒலிகளையும் உறிஞ்சுகிறது. செலவில்லாத இந்த ஆதாயத்தை யாரும் விட்டுவிடக் கூடாது.

இந்தக் கரையில் பலகையைவிடச் சட்டத்துக்கே அதிகக் கவனம் வேண்டும். வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தைக் கரையான் எளிதில் தீண்டுவதில்லை என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன். ஆணி இறங்காத மரம் என்பதால் துளையிட்டுத்தான் திருகு போட வேண்டியிருந்தது. அதிலும் சாதாரண இரும்புத் திருகுகள் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று முடிவதற்குள் துருப்பிடித்ததால், எல்லாவற்றையும் கழற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன். மேலே போர்த்தியது காடாத்துணி. வாயை வைத்து ஊதினால் மூச்சு மறுபுறம் போகும் துணியாக இருந்தால் போதும், ஒலியும் போகும்.

குறைகளும் உண்டு. வெட்டும்போது பறக்கும் இழை தோலில் பட்டால் அரிக்கும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடவே கூடாது. வெளிச்சத்தம் உள்ளே வருவதையோ நம் பாட்டு அண்டை வீட்டுக்குப் போவதையோ இது நிறுத்தாது. அந்த எண்ணத்தோடு வாங்குபவர் பணத்தை இழப்பார். என் அறையின் நீளத்தால் எழும் 41 ஹெர்ட்ஸ் அதிர்வும் இன்னும் முழுதாகப் போகவில்லை. பின்சுவரை ஒட்டிக் கிடந்த நாற்காலியை ஐந்தடி முன்னே நகர்த்திய பிறகுதான் அது தணிந்தது. கும்கி எங்கே தொடங்கி எங்கே வழுக்கி முடிகிறது என்பது இப்போது தெளிவாகக் கேட்கிறது.