ஊழியர் அறிவித்தலைச் செயற்கை நுண்ணறிவு எழுதினால்: திருகோணமலை விடுதி வேலையில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகளில் ஊழியர்களுக்குப் போகும் தகவல் பெரும்பாலும் சின்னச் சின்னதுதான். நாளைய ட்யூட்டி ரோஸ்டர், புறாத்தீவுப் படகு ஓடுமா ஓடாதா, சேவைக் கட்டணம் எப்போது பகிரப்படும், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போகும் ஸ்டாஃப் பஸ் எத்தனை மணிக்கு. சிக்கல் என்னவென்றால் குசினியில் தமிழ், பராமரிப்பில் சிங்களம், வரவேற்பறையில் ஆங்கிலம் என்று வாசிப்பவர்களுக்கு மூன்று மொழி, எழுதுபவர் மட்டும் ஒருவர். சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட் மூன்றையும் சீசனிலும் மாரியிலும் இந்த வேலைக்குப் பயன்படுத்தியதில் தெளிவானது இது: கொடுத்த தகவலை அடுக்கச் சொன்னால் அழகாக அடுக்கும், வெற்றிடம் விட்டால் அதையும் தானே நிரப்பிவிடும். பிழைகளில் பெரும்பகுதி இந்த நிரப்பலில் இருந்துதான் வருகிறது.

“நாளைக்குத் தாங்கி கழுவுறம், தண்ணி வராது, எல்லாருக்கும் சொல்லுங்கோ” என்று சுப்பவைசர் அனுப்பும் குரல் பதிவை அப்படியே எழுத்தாக்கிக் கொடுத்தால், காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை நீர் விநியோகம் தடைப்படும், மாற்று ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று மிடுக்கான அறிவித்தல் வரும். நேரத்தை யாரும் சொல்லவில்லை. மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. வாசிப்பு இவ்வளவு சரளமாக இருப்பதால் சரிபார்ப்பவர் கண்ணும் அதைத் தாண்டிப் போய்விடும்.

இதற்குக் கைகொடுப்பது ஏழு வரித் தாள். யாருக்கு, என்ன விஷயம், எப்போது முதல், எப்போது வரை, எங்கே, அவர்கள் செய்ய வேண்டியது என்ன, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. முதலில் இதை நிரப்பிய பிறகுதான் மென்பொருளைத் திறக்க வேண்டும். கட்டளையும் குறுகலாக இருக்கட்டும்: “இந்த ஏழு வரியில் இல்லாத திகதி, நேரம், தொகை, காரணம், பெயர் எதையும் சேர்க்காதே. விடுபட்ட இடத்தில் மூன்று கேள்விக்குறி போடு. 60 சொல்லுக்கு மேல் போகாதே. வாழ்த்தும் மன்னிப்பும் வேண்டாம்.” கேள்விக்குறி போடச் சொல்லும் வரிதான் இதில் முக்கியம். அது இல்லாவிட்டால் ‘சேர்க்காதே’ என்பதை ஏற்றுக்கொண்டு, “உரிய நேரத்தில்”, “விரைவில்” என்று மழுப்பும். ஊழியருக்கு அது பொய்யைவிடக் கொஞ்சம்தான் மேல்.

இன்னொரு வகைப் பிழை பாக்கு நீரிணைக்கு அப்பால் இருந்து வருகிறது. தமிழில் கேட்டால் தமிழ்நாட்டு வழக்கும் இந்தியச் சட்டமும் சேர்ந்தே வந்து விழும். சம்பளம் பற்றிய விளக்கக் குறிப்பில் ஊழியர் சேமலாப நிதிக்கு இந்திய வருங்கால வைப்பு நிதியின் 12% கழிவை எழுதிவிடும். இங்கே ஊழியர் பங்கு 8%, தொழில்தருநர் பங்கு 12%, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் கட்டும் 3%. இந்த நான்கு சதவீதத் தவறோடு ஒரு தாள் ஊழியர் சாப்பாட்டு அறைப் பலகையில் ஏறினால் பின்னேரத்துக்குள் கணக்குப் பகுதி வாசலில் வரிசை நிற்கும். முதலுதவிக் குறிப்பில் அம்புலன்ஸுக்கு 108 என்று போடும், இங்கே 1990. பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

பதவிப் பெயரும் இதே கதைதான்: முகாமையாளர் மேலாளராவார், பணிப்பாளர் இயக்குநராவார், திகதி தேதியாகும். ஆகவே நாற்பது ஐம்பது வரியில் ஒரு சொற்பட்டியலும் எண் பட்டியலும் செய்து நிரந்தரக் கட்டளையாகச் சேமித்துவிடுவது நல்லது. சாட்ஜிபிடியில் ‘புரொஜெக்ட்’ வசதியிலும் ஜெமினியில் ‘ஜெம்’ என்பதிலும் இதைப் போட்டு வைக்கலாம். பட்டியல் நூறு வரியைத் தாண்டினால் நடுவில் உள்ளவற்றைக் கவனிக்காமல் விடத் தொடங்குகிறது. சுருக்கமாக இருப்பதே மேல்.

மூன்று மொழிக்கும் வருவோம். ஆங்கிலத்தில் ஒன்று எழுதி அதை இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கச் சொல்வதுதான் எல்லோரும் முதலில் செய்வது. வேண்டாம். ஏழு வரித் தாளையே மூலமாக வைத்து, மூன்று மொழியிலும் தனித்தனியாக எழுதச் சொன்னால் வாக்கியம் அந்தந்த மொழிக்கு ஏற்றபடி அமைகிறது. பிறகு சிங்களத்தைப் பராமரிப்புப் பகுதி ஆள் ஒருவரும் தமிழைக் குசினி ஆள் ஒருவரும் சத்தமாக வாசிக்க வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர் வாசித்தால் பயனில்லை, அவருக்கு எல்லாமே விளங்கும். வாசிப்பவர் எந்த இடத்தில் தடக்குகிறாரோ அந்த வரியை வெட்டலாம். எண்களைத் தனியாக, மூன்று தாளையும் பக்கத்தில் வைத்து, கடைசியில் ஒருமுறை ஒப்பிட வேண்டும். இரவு ட்யூட்டிக்குத் திகதி மாறும் இடமும் கிழமையும்தான் அதிகம் பிசகுபவை. “12ஆம் திகதி இரவு” என்று மட்டும் எழுதினால் 13ஆம் திகதி அதிகாலை 2 மணிக்கு யார் என்பது மூன்று மொழியிலும் மூன்று விதமாகிவிடும். தொடங்கும் திகதி, முடியும் திகதி இரண்டையும் கிழமையோடு தாளிலேயே எழுதிக் கொடுங்கள். போயா நாளையும் நோன்பு திறக்கும் நேரத்தையும் அதனிடம் கேட்கவே வேண்டாம். நாட்காட்டியையும் பள்ளிவாசல் நேர அட்டவணையையும் பார்த்து நிரப்புவதே வழி.

சின்னத் தொல்லைகள் சில. வெட்டி ஒட்டும்போது தடித்த எழுத்துக்காக அது போடும் இரட்டை நட்சத்திரக் குறி வாட்ஸ்அப்பில் மிச்சமாகத் தெரியும், அங்கே ஒற்றைதான் வேலை செய்யும். “வாட்ஸ்அப்புக்கு, அலங்காரக் குறி இல்லாமல்” என்று கட்டளையில் சேர்த்தால் தீரும். பழைய ஊழியர் கையேடு பாமினி எழுத்துருவில் இருந்தால் அதைப் பதிவேற்றிப் பயனில்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். யூனிகோடுக்கு மாற்றி, ‘ஸ்ரீ’யும் கொம்பு எழுத்துகளும் சரியா என்று பார்த்த பிறகே கொடுக்கலாம். ஒரே உரையாடலில் நாள்தோறும் அறிவித்தல் எழுதினால் போன வாரத்துப் பஸ் நேரம் இந்த வாரத்துக்குள் நுழையும். ஒவ்வொரு அறிவித்தலுக்கும் புது உரையாடல் திறக்க வேண்டும்.

கூட்டக் குறிப்பு எடுப்பதில்தான் மிகக் கவனம் தேவை. ஒலிப்பதிவைக் கொடுத்துச் சுருக்கம் கேட்டால் வடிவம் நேர்த்தியாக வரும், ஆனால் தமிழும் சிங்களமும் கலந்து பேசும் அறையில் யார் சொன்னது என்பதை மாற்றிப்போடும். “மேலதிக நேரக் கொடுப்பனவைக் கூட்டித் தாங்கோ” என்பதற்கு “பார்ப்பம்” என்று வந்த பதில், குறிப்பில் “பரிசீலிக்கத் தீர்மானிக்கப்பட்டது” என்று ஏறும். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது ‘இல்லை’ என்பதன் மரியாதை வடிவம் என்று தெரியும். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டால் முகாமையாளரிடம் பதில் இருக்காது. தீர்மானம், பொறுப்பாளர், முடிக்கும் திகதி மூன்றையும் கூட்டம் கலைவதற்கு முன் ஒருவர் வாயால் சொல்லிப் பதிவாக்க வேண்டும். சுருக்கத்தில் அந்தப் பகுதியை மட்டும் நம்பலாம்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. மரண அறிவித்தல் முதலாவது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ, பௌத்த ஊழியர்கள் ஒன்றாக வேலை செய்யும் இடத்தில் எல்லா வீட்டுக்கும் “ஆன்மா சாந்தியடைய” என்று எழுதும் எந்திரத்தை அனுதாபச் செய்திக்கு விடுவது அநாகரிகம். இரண்டு வரி கையால் எழுதினால் போதும். ஒழுக்காற்றுக் கடிதம், மருத்துவ விடுமுறைக் காரணம், சம்பளச் சீட்டு ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகவே பார்க்கிறது. தேசிய அடையாள அட்டை எண்ணை வெறும் எண் என்று நினைத்துப் பட்டியலோடு ஒட்டிவிடுவார்கள். பிறந்த ஆண்டு, நாள், ஆணா பெண்ணா மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சாட்ஜிபிடியின் இலவசக் கணக்கிலும் தனிநபர் கட்டணக் கணக்கிலும், அமைப்புக்குள் போய் நிறுத்தாவிட்டால், உரையாடல் அந்த மென்பொருளின் அடுத்த பதிப்புகளைப் பயிற்றப் பயன்படலாம். நிறுவனக் கணக்குகளில் அது இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கும். பெயருக்குப் பதில் ‘ஊழியர் அ’, ‘ஊழியர் ஆ’ என்று போட்டுக் கொடுக்கும் பழக்கம் எந்தக் கணக்கிலும் நல்லது.

மாரியில் புயல் எச்சரிக்கை வரும்போது இந்தக் கருவிகளை நம்பி இருக்க முடியாது. முதலில் போவது மின்சாரமும் இணையமும்தான். கடல் கொந்தளிப்பு, வெள்ளம், வெளியேற்றம், ஜெனரேட்டர் நிறுத்தம் ஆகியவற்றுக்கு மூன்று மொழியிலும் முன்கூட்டியே எழுதி, லமினேட் செய்து, வரவேற்பறை மேசையின் கீழ் வைத்திருக்க வேண்டும். எழுதும் கட்டத்தில் செயற்கை நுண்ணறிவு நன்றாகவே உதவுகிறது. வளிமண்டலவியல் திணைக்கள அறிவிப்பை மட்டும் சுருக்கச் சொல்லாமல் சொல்லுக்குச் சொல் ஒட்டுங்கள். சுருக்கத்தில் “மணிக்கு 60 கிலோமீற்றர் வரை” என்பது “பலத்த காற்று” ஆகிவிடும், படகுக்காரருக்குத் தேவை அந்த எண்தான்.

வேலை இலகுவானதில் ஒரு பக்கவிளைவு: அறிவித்தல்கள் பெருகும். முன்பு ஆளை அனுப்பிச் சொன்னதெல்லாம் இப்போது தாளாகிறது. வாட்ஸ்அப் குழுவில் யாரும் வாசிப்பதில்லை. அவசரம் தவிர்ந்தவற்றை ஒரு நாளைக்கு ஒன்று என்று கட்டுப்படுத்தி, மாலை ஐந்து மணிக்கு ஒரே தாளாக விட்டால் நிலைமை திருந்துகிறது.

செலவு பற்றி: மாதம் 20 டொலர் தனிநபர் கணக்கை எல்லோருக்கும் கடவுச்சொல் கொடுத்துப் பகிர்வது விதிமுறைக்கும் புறம்பு, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவும் முடியும். சிறிய விடுதிக்கு நிறுவனக் கணக்கில் இரண்டு இருக்கை, அதாவது இரண்டு பேருக்கான இடம், போதும். இந்தக் கருவிகள் உரையை டோக்கன் எனும் சிறு துண்டுகளாக வெட்டியே வாசிக்கும், துண்டு கூடினால் செலவும் கூடும். சாட்ஜிபிடியில் 2024 மே மாதம் வந்த ஜிபிடி-4ஓ பதிப்பின் புதிய எழுத்துப் பகுப்பு, அதைச் செய்யும் ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய மாதிரி வரியில் தமிழுக்கு 116 டோக்கனை 35 ஆகக் குறைத்தது. நீளமான தமிழ்க் கையேட்டைக் கொடுத்துக் கேள்வி கேட்பது அதன்பிறகே கட்டுப்படியாகும் அளவுக்கு வந்தது. ஆனால் புது வெளியீடு வரும்போதெல்லாம் தொனி மாறுகிறது. வெட்டியிருந்த வாழ்த்துரை திரும்பி வரும். பழைய ஏழு வரித் தாள்களில் ஐந்தை, சரியான விடைகளோடு, தனியாக வைத்திருந்து ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப் பாருங்கள். அரை மணித்தியால வேலைதான், எந்தக் கட்டளை வரியைத் திருத்த வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.